சிக்னலில் நின்றால் சூடேறும் பழைய அம்பாசடருக்கு நாமே பாகங்கள் செய்து சூட்டைக் குறைக்க முடியுமா?

தாராளமாக முடியும். பெரிய ரேடியேட்டர் தேடி அலைவதற்கு முன்னால் ஒரு அட்டைப் பெட்டியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுடையது 1489 சிசி பெட்ரோல் வண்டி, ஏசி பிறகு போட்டது, ஓடும்போது சூட்டைக் காட்டும் முள் ஒழுங்காக நிற்கிறது, நின்றால் ஏறுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ரேடியேட்டரைவிடக் காற்றைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். வாட்டர் பம்ப்போடு சுற்றும் ஃபேன் ஐடிலில் மெதுவாகத்தான் ஓடும். போதாததற்கு ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று சூட்டைத் தள்ளுகிறது.

பானெட்டைத் திறந்து ரேடியேட்டரின் ஓரங்களைப் பாருங்கள். மேலேயோ பக்கத்திலோ கை நுழைகிற இடைவெளி இருந்தால், உள்ளே இருக்கும் சூடான காற்றே அந்த வழியாக முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள் போகும். அந்தச் சந்துகளைத் தகடு வைத்து அடைப்பதுதான் முதல் வேலை. ஓரத்தில் ரப்பர் பீடிங் கொடுத்தால் தகடு அதிராது.

அடுத்தது ஃபேனைச் சுற்றி ஒரு கூடு, அதாவது ஷ்ரவுட். இது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்தில் மட்டும்தான் நன்றாக இழுக்கும், ரேடியேட்டரின் மூலைகள் சும்மா கிடக்கும். கூடு ரேடியேட்டரின் முழு அகலத்தையும் மூட வேண்டும். ஃபேன் இறக்கையில் பாதி கூட்டின் வாய்க்குள்ளும் பாதி வெளியிலும் இருந்தால் நல்லது. வாயைச் சுற்றி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஆடும். கூடோ ரேடியேட்டரோடு அசையாமல் நிற்கும். இடைவெளி போதாவிட்டால் இறக்கை தகட்டில் உரசிவிடும். முதலில் அட்டையில் வெட்டி, பொருத்திப் பார்த்து, அப்புறம் டின்கரிங் பட்டறையில் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வளைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) வழி வந்த இந்த இன்ஜினில் இன்னொரு விஷயம்: பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டர் கிட்டத்தட்ட சைலன்சர் மேனிஃபோல்டின் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்) தலைமேல் உட்கார்ந்திருக்கும். சூடான வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுத்தால், பெட்ரோல் கொதித்து ஆவியாகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தடுப்பு செய்து வையுங்கள். அது மேனிஃபோல்டைத் தொடக்கூடாது, நடுவில் இருக்கும் காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது.

பானெட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கச் சொல்வார்கள். நிற்கும்போது சூடு கொஞ்சம் வெளியேறும், சரி. ஆனால் ஓடும்போது முன் கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், காற்று அங்கிருந்து உள்ளேதான் நுழையப் பார்க்கும். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடவும் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். சூடேறினால் அது தானே திறந்துகொள்ளும். அது இல்லாத இன்ஜின் காலையில் சூடேற நேரமெடுத்து, பெட்ரோலையும் குடித்து, சீக்கிரம் தேயும்.

3டி பிரிண்ட் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அளவு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் வெட்டியதும் போட்டோ போடுங்கள், தகடு வாங்கும் முன் பார்த்துச் சொல்கிறேன்.