சாரம் சரிந்து ஆள் இறந்தால் கம்பெனி இயக்குநர் மேலும் வழக்கு வருமா?

ஓசூரில் அடுக்குமாடிக் கட்டும் இடத்தில் சாரம் சரிந்து உங்கள் அண்ணன் இறந்திருக்கிறார். போலீஸ் மேஸ்திரி மேல் மட்டும் வழக்குப் போட்டிருக்கிறது. இயக்குநரைத் தொட முடியாதா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் 'இயக்குநர்' என்ற பதவி மட்டும் போதாது.

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பாதுகாப்புக் கடமையைச் செய்யாததால் உயிர் போனால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது குறைந்தது 5 லட்சம் அபராதம், அல்லது இரண்டுமே. அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் வாரிசுகளுக்குத் தரச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். முன்பிருந்த 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்தில் பாதுகாப்பு விதியை மீறினால் அபராதம் வெறும் 2,000 ரூபாய் வரைதான். உயிருக்கு அவ்வளவுதான் மதிப்பா என்று எனக்கு அப்போதெல்லாம் வயிறு எரியும்.

போலீஸ் வழக்கு, அதாவது அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் பற்றிய பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 106-ஆவது பிரிவு, தனி. அதில் இயக்குநரே செய்த அலட்சியத்தைக் காட்ட வேண்டும். பெல்ட், வலை கேட்டு சைட் இன்ஜினியர் அனுப்பிய மெயில், வாட்ஸ்அப், செலவை வெட்டிய உத்தரவு என எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். இயக்குநருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிறுவ அதுதான் கைகொடுக்கும்.

சரி, இழப்பீடு? "அவர் கான்ட்ராக்டர் ஆள்" என்று கம்பெனி கைகழுவ முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இந்த வாரமே எழுத்தில் மனு கொடுங்கள்.