சிறகு விரித்த வீட்டில் மூலைகளை என்ன செய்வது?

கேள்வி: கட்டடக்கலை படிக்கிறேன். பழைய இங்கிலாந்து வீடுகளைப் பார்த்து, நடுக்கூடத்திலிருந்து இரண்டு சிறகுகள் (அறை வரிசைகள்) பட்டாம்பூச்சி இறக்கைபோலச் சாய்வாக விரியும் வீட்டுக்குப் பிளான் போட்டேன். சிறகுகள் கூடத்தோடு சேருமிடத்தில் முக்கோண மூலைகள் மிஞ்சுகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: சிறகுகளை முதலில் வரைந்துவிட்டு, அப்புறம் கூடத்தோடு ஒட்டப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கூடத்திலிருந்து தொடங்குங்கள். சதுரக் கூடத்தில் சாய்ந்த சிறகு எங்கே முட்டினாலும் ஒரு கோணல் துண்டு மிஞ்சத்தான் செய்யும்.

கூடத்தை அறுகோணமாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு சுவரிலிருந்து சிறகை நேராக வெளியே இழுத்தால், இரண்டுக்கும் இடையே 120 டிகிரி தானாகவே அமையும். இடையில் நிற்கும் சுவர் வாசலுக்கு. சிறகின் அகலமும் சுவரின் நீளமும் ஒன்றாக இருந்தால் அறைகளில் ஒரு கோணலும் வராது. சுவர் 12 அடி என்றால், எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே கூடம் ஏறக்குறைய 20¾ அடி. தாராளமான கூடம்தான். நான்கு சிறகு வேண்டுமானால் எண்கோணம்.

சிறகு இன்னும் அகலமாக வேண்டுமா? அப்போது ஆப்பு மாதிரி இடம் மிஞ்சும். அதை மாடிப்படிக்கோ சாமான் அறைக்கோ கழிப்பறைக்கோ கொடுத்துவிடுங்கள். கட்டில் போடும் அறைக்குள் மட்டும் விடாதீர்கள்.

அடுத்தது கூரை. மாணவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு சரிவுகள் கோணலாகச் சந்திக்கும் பள்ளத்தில் ஓடுகளை ஒவ்வொன்றாக வெட்டித்தான் பதிக்க வேண்டும். ஒழுகுவதும் முதலில் அங்கேதான். இங்கிலாந்தின் டெவனில் எக்ஸ்மத் ஊரில் எட்வர்ட் ஷ்ரோடர் பிரையர் என்ற கட்டடக் கலைஞர் 1896-97இல் கட்டிய ‘தி பார்ன்’ இவ்வகை வீடுகளில் பேர்பெற்றது. அதற்கு வைக்கோல் கூரை. எந்தக் கோணத்திலும் வளைந்து போகும். ஆனால் 1905இல் தீப்பிடித்தது. பிறகு கற்பலகை வேய்ந்தார்கள்.

சுவரிலும் இதே பாடுதான். செங்கல்லில் 120 டிகிரி மூலை எழுப்ப, வரிசைக்கு வரிசை கல்லை வெட்ட வேண்டும். நார்ஃபோக்கில் அதே பிரையர் 1903-05இல் கட்டிய வோவுட் என்ற வீட்டில், தோட்டத்தைத் தோண்டி எடுத்த சரளையைக் கலந்து கான்கிரீட் சுவர் எழுப்பினார். கோணலாகத் திரும்பும் சுவர்களுக்கு நல்ல தேர்வு என்பேன்.

இங்கிலாந்துக்குப் போக முடியாவிட்டால் டெல்லி ஜெய்ப்பூர் ஹவுஸைப் பாருங்கள். ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக 1936இல் பிளாம்ஃபீல்ட் சகோதரர்கள் வடிவமைத்த பட்டாம்பூச்சி வடிவ மாளிகை; இப்போது தேசிய நவீனக் கலைக்கூடம் என்பதால் யாரும் உள்ளே போகலாம். ஓவியங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கும்மட்டத்தின் கீழிருந்து சிறகுகள் எங்கே பிரிகின்றன என்று முதலில் ஒரு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.