ஈர விறகு

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். அக்டோபர் வந்தால் இங்கே ஊரே குளிர்காலத்துக்குத் தயாராகிறது. வீட்டுச் சுவரோரம் விறகைப் பிளந்து அழகாக அடுக்குகிறார்கள், ஆப்பிள் பிழிகிறார்கள். நம் கிராமங்களில் இப்படி ஒரு பருவ மாற்றமே இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. நமக்கு வெயில், அதிக வெயில், நடுவில் கொஞ்சம் மழை, அவ்வளவுதானே? என் அம்மாயி ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். டெல்டாவின் குளிர்காலத்தை உணர எந்த மாதம் வருவது நல்லது? படிக்க நூல்கள் சொல்ல முடியுமா?

ச.

அன்புள்ள ச.,

ஊர் ஏக்கக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவது குறைவு. உங்கள் கடிதத்தில் இருந்த விறகு அடுக்குதான் எழுத வைத்தது. கொஞ்ச நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதும் விறகுதான்.

முதலில் அந்த வெயில் ஜோக்கை விடுங்கள். சென்னைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம், திருத்துறைப்பூண்டிப் பேரன் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அம்மாயி வீட்டில் அது சுவரில் ஏறும், உப்பு ஜாடியில் நீராக நிற்கும், தலையணையில் நாறும். நம் பக்கத்தில் குளிர்காலத்தின் தொல்லையே ஈரம்தான். அதற்கு ஊர் தயாரானதை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஜெர்மன்காரர் விறகு அடுக்கினால் உங்களுக்கு அது பண்பாடு. அம்மாயி பரணில் மட்டை அடுக்கினால், “பாம்பு அடையும், இறக்கிப் போடு” என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்க வேண்டும், ஜனவரி 28-ல் மூட வேண்டும் என்பது டீக்கடை வரைக்கும் தெரியும். நெல்லில் குறுவை எப்போது, தாளடி எப்போது, சம்பாவில் ஆனைக்கொம்பன் பூச்சி எப்போது இறங்கும் என்பதையெல்லாம் ஆண்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். வறட்டி அடுக்கி முடிக்க வேண்டியது எப்போது என்று ஒருவர் சொல்லட்டும் பார்ப்போம். புரட்டாசி முடிவதற்குள். இதை எந்த வேளாண்மைக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

என் அம்மா கோடையிலேயே தொடங்கிவிடுவாள். சாணத்தில் கூளத்தைப் போட்டுப் பிசைந்து சுவரில் தட்டுவாள். ஒரு பக்கம் காய்ந்ததும் உரித்துப் புரட்டிப் போட வேண்டும். நன்றாகக் காய்ந்தவை கொட்டகை மூலைக்குப் போகும். தரை ஈரம் ஏறாமலிருக்க அடியில் பனைமட்டை பரப்பியிருக்கும். தென்னை மட்டையும் பாளையும் அடுப்புக்கு மேலே பரணில், புகையிலேயே காயும். பற்றவைக்கத் தென்னம் பன்னாடை, அந்த வலை மாதிரி நார், தனியாக ஒரு சாக்கில். அதை யாரும் தொடக் கூடாது, தொட்டால் அடி. நாளைக்கு எரிய வேண்டிய விறகு இன்றைக்கே அடுப்பை ஒட்டிச் சாய்ந்திருக்கும்.

இத்தனையும் எதற்கு? ஐப்பசி மழையில் குறுவை அறுத்தால் நெல் களத்திலேயே முளைவிடும். கூலியாக வருவது அந்த நெல்தான். அதை அவிக்க விறகு வேண்டும். காயவைக்க வெயில் இல்லாவிட்டால் சட்டியில் வறுக்க வேண்டும், அதற்கும் விறகு. குத்திப் புடைத்த பிறகுதான் உலை, அதற்கும் விறகு. மாடு இல்லாத வீட்டில் வறட்டிக்கு எங்கே போவது? தெருவில் கிடந்த சாணத்தைக் கூடையில் அள்ளியவளிடம் ஒரு பண்ணையின் காரியக்காரர் சண்டைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். வயலுக்குச் சேர வேண்டிய எருவாம். அந்த வீடுகளில் கார்த்திகை மாதம் ஒரு வேளைதான் புகை தெரியும். அரிசி இல்லாததால் மட்டும் என்று நினைக்காதீர்கள். அரிசியை முந்தானையில் கட்டிவைத்துக்கொண்டு, ஈர முள்ளை ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்களை எனக்குத் தெரியும்.

நூல்கள் கேட்டீர்கள். பட்டியல் தர மாட்டேன், பட்டியல் வாங்குகிறவர்கள் படிப்பதில்லை. நக்கீரர் பாடிய சங்கப் பாட்டு நெடுநல்வாடை ஒன்று போதும். மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிவந்த கோவலர்கள் கையில் கொள்ளியோடு நடுங்குவார்கள். நகரத்து மாடங்களிலோ குளிர்ந்த நீரை ஒதுக்கிவிட்டு, அகன்ற வாய்த் தடவில், அதாவது நெருப்புச் சட்டியில், கனலும் நெருப்பில் காய்வார்கள். ஒரே மழைக்கு இரண்டு நெருப்பு. நக்கீரருக்கு நல்ல கண். ஆனால் அந்த அடைமழையில் காய்ந்த விறகை எடுத்துவைத்தது யார் என்று அவரும் கேட்கவில்லை.

சிலிண்டர் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு உங்கள் அம்மாயி ஊர்ப் பக்கம் போயிருந்தேன். பார்க்கும் இடமெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லை, சிலிண்டர் வண்டி வரப் பாதையும் இல்லை. அத்தனை மரத்துக்கு நடுவில் ஒரு பானை உலை வைக்க வழியில்லை, பச்சைத் தென்னை எரியாது. கேஸ் அடுப்பு வந்தும் பழக்கத்தை விடாமல் மட்டை சேர்த்துவைத்திருந்த ஒரு கிழவி வீட்டு வாசலில்தான் அந்தத் தெருவுக்கே கஞ்சி காய்ச்சினார்கள். அதற்கு முதல் நாள் வரை அவளைக் குப்பை சேர்க்கிறவள் என்று சொன்ன மருமகள்தான் கிண்டினாள்.

சரி, எந்த மாதம் வரலாம் என்று கேட்டீர்கள். கிறிஸ்துமஸ் லீவில் வந்தால் மார்கழி பாதி. கோலம், பூசணிப்பூ, காலை மூட்டம், வயலில் சம்பாக் கதிர். போட்டோ நன்றாக வரும். என்னைக் கேட்டால் கார்த்திகை பிறந்ததும் வாருங்கள். கொசு கடிக்கும், சேற்றுப்புண் வரும், துணி காயாது, பரவாயில்லை. அம்மாயிக்குக் கம்பளி வாங்கி வராதீர்கள் தம்பி, அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் பெட்டிக்குள்தான் கிடக்கும். திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் கனமான தார்ப்பாய் கிடைக்கும், கொட்டகை நீளத்தை அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.