சைக்கிளிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள என்னதான் வேண்டும்?

கேள்வி இதுதான்: “கியர் இல்லாத பழைய சைக்கிளில் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் ஒரு குழுவில் சேரப் போனேன். ‘நீங்கள் செய்வது சைக்கிளிங் ஆகாது’ என்கிறார்கள். அப்படியானால் உண்மையான சைக்கிளிஸ்ட் யார்?”

நீங்கள்தான், வேறு யார். உங்களிடம் அப்படிச் சொன்னவர் சைக்கிளிஸ்டா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆனால் “சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவர் எல்லாருமே சைக்கிளிஸ்ட்தான்” என்று பெருந்தன்மையாகச் சொல்லி முடிப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. வித்தியாசம் கண்டிப்பாக இருக்கிறது. கிளம்பிய இடத்திலிருந்து போய்ச் சேரும்வரை வண்டிக்கும் வழிக்கும் தானே பொறுப்பு என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறாரா? இதை வைத்துத்தான் நான் ஆளை எடைபோடுவேன்.

உடையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. லைக்ரா கால்சட்டைக்குக் காரணம் இருக்கிறது. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஐந்து மணி நேரம் மிதித்துப் பாருங்கள், தொடையில் தையல் உரசி தோல் வழன்றுவிடும். அரை மணி நேரம் ஓட்டுபவருக்கு அது தேவையில்லை, வேட்டியை மடித்துக் கட்டினாலே போதும்.

கியர் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கியவர் ஆன்றி தெக்ராஞ்ச். பந்தயம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் அவர் எழுதியது என்ன தெரியுமா? கியர் என்பது 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் சரி, தசை பலத்தால் ஜெயிப்பதுதான் ஜெயிப்பது என்று. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் ‘டிரெய்லியர்’ (derailleur) என்ற கருவியை 1937 வரை அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கவே இல்லை. அதுவரை பந்தய வண்டிகளில் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலை அடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். அதாவது, நூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் வண்டிதான் வீரனின் வண்டி. உங்களைக் கிண்டல் செய்தவருடையது வயதானவர் வண்டி!

அதே பந்தயத்தில் 1913-இல் நடந்தது ஒன்று. யூஜின் கிறிஸ்தோஃப் என்ற பிரெஞ்சுக்காரர் பிரனீஸ் மலைத்தொடரின் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. வேறு யாருடைய உதவியும் வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, கீழே ஒரு கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஃபோர்க்கைத் தானே சரிசெய்தார். யாரும் உதவிவிடக் கூடாதே என்று பந்தய அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் இரும்பில் இருந்ததால், துருத்தி ஊத மட்டும் பட்டறையில் இருந்த ஒரு பையன் கைகொடுத்தான். அதற்கும் அபராத நேரம் போட்டார்கள். ஜெயிக்கும் வாய்ப்போடு மலையேறியவர் மணிக்கணக்கில் நேரத்தை இழந்தும் ஓட்டத்தை விடவில்லை, கடைசியில் ஏழாவது இடம் பிடித்தார். அந்த வருடம் ஜெயித்தவரைவிட இவரைத்தான் சைக்கிள் உலகம் அதிகம் பேசுகிறது.

அந்த விதி கொடுமையானது, சந்தேகமில்லை. பையன் துருத்தி ஊதினால் என்ன கெட்டுப்போகிறது? ஆனாலும் அதன் அடியில் இருந்த எண்ணம் இன்றைக்கும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் உயிரோடு இருக்கிறது. சென்னை, கோவை, பெங்களூரில் எல்லாம் நடக்கும் பிஆர்எம் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்கள் பாரிஸ் ஆடாக்ஸ் கிளப்பின் விதிப்படி நடப்பவை. 200 கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் எல்லாரும் ஒன்றுதான். பின்னால் கார் வரக் கூடாது, வெளியார் உதவி என்றால் குறிப்பிட்ட சோதனை இடங்களில் மட்டும்தான். மற்றபடி பஞ்சரோ பசியோ மழையோ, உங்கள் பாடு. இராத்திரி ஓட்டத்துக்கு விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் கட்டாயம். வண்டி என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

இதை ஓட்டியவர்தான் சைக்கிளிஸ்ட் என்று சொல்லவரவில்லை. பிஆர்எம் என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் இதே பொறுப்பை அன்றாடம் சுமக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இளநீர்க் குலைகளைக் கட்டிக்கொண்டு போகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாப் பாரத்தையும் பின்னால் கேரியரில் வைத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஹேண்டில் பேச்சைக் கேட்காது. அதனால் முன்னாலும் ஒரு குலை தொங்கும். கட்டுவதற்குக் கயிறு போதாது, பழைய டியூபைக் கிழித்து நாடாவாக்கி இழுத்துக் கட்டியிருப்பார். குலுங்கக் குலுங்க கயிறு தளரும், ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கேரியரில் சுமை இருப்பதால் நம்மைப் போல பின்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. நாலு எட்டு தள்ளிக்கொண்டே ஓடி, இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலை முன்பக்கமாகப் பாரைத் தாண்டி எடுத்துப் போடுவார். பாலம் வந்தால் ஏறும்போது இறங்கித் தள்ளுவது எல்லாருக்கும் தெரிந்தது. இவர் பாலத்திலிருந்து இறங்கும்போதும் ஏற மாட்டார். அந்தக் கம்பி பிரேக் அவ்வளவு பாரத்தைப் பிடித்து நிறுத்தாது என்பது அவருக்குத் தெரியும். ஹேண்டிலில் ஒரு கை, சீட்டில் ஒரு கை, உடம்பைப் பின்னால் சாய்த்து வண்டியை நடத்திக்கொண்டு வருவார்.

அதே சாலையில் ஐப்பசி, கார்த்திகையில் மாமல்லபுரம் பக்கம் போகிற புது ஆட்களையும் பார்க்கலாம். வாடைக் காற்று முதுகில் தள்ளும். காலில் திடீரென்று பலம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பறப்பார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்க, பாதி வழியில் ஓரமாக உட்கார்ந்து யாரையாவது காரோடு வரச் சொல்லிப் போன் செய்வார்கள். பழகியவர் போகும்போதே திரும்புவதற்கான தெம்பை மிச்சம் பிடித்து வைத்திருப்பார்.

இந்தத் தமிழ்நாட்டிலேயே சைக்கிளிஸ்ட் என்ற பட்டத்துக்கு ரொம்பப் பொருத்தமானவர்கள் என்றால் நான் புதுக்கோட்டைப் பெண்களைத்தான் சொல்வேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் கொண்டுவர, விளைந்ததை விற்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, அண்ணனோ புருஷனோ வரட்டும் என்று காத்திருந்த நிலை மாறியது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானதும் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். அதுதான் வசதி என்று சொன்ன பெண்களும் உண்டு: முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! கடைக்காரர் எந்த வண்டியைக் காட்டினாலும், தனக்கு எது வேண்டும் என்று வேலையை வைத்து முடிவு செய்கிற தெளிவு அது.

பஞ்சர் ஒட்டத் தெரிந்திருக்க வேண்டுமா என்றால், தெரிந்திருந்தால் நல்லது. ஆளை அடையாளம் காண நான் பார்ப்பது ஒரு சின்ன விஷயத்தை. டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு ஒட்டுவது வரை எல்லாரும் வீடியோ பார்த்துச் செய்துவிடுகிறார்கள். டியூபைத் திரும்ப உள்ளே தள்ளுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். குத்திய கருவேல முள் பெரும்பாலும் டயரிலேயேதான் ஒடிந்து நிற்கும். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடி இறங்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் இந்த வேலையைச் செய்யும்போது பேசக்கூட மாட்டார்.

எதிர்த்திசையில் வருகிறவர்கள், பின்விளக்கு இல்லாமல் இருட்டில் ஓட்டுகிறவர்கள், இரண்டு காதிலும் பாட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை லட்சம் கொடுத்து வண்டி வாங்கியிருந்தாலும் என் கணக்கில் வர மாட்டார்கள். அப்புறம், ரோட்டில் வண்டியை ஓரம் கட்டி நிற்பவரைப் பார்த்து “எல்லாம் சரியா இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்காமல் போகிறவர்களும்.

உங்களைச் சேர்க்காத அந்தக் குழுவுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம், சொன்ன விதம்தான் தப்பு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று மிதித்தால் உங்கள் வண்டி ஐந்தரை மீட்டர் போல நகரும். அவர்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால், கூடவே போக நீங்கள் நிமிடத்துக்கு 90 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டும். கனமான வண்டியை இரண்டு மணி நேரம் அப்படி மிதித்தால் முழங்கால் பதில் சொல்லும். “எங்கள் வேகம் உங்கள் வண்டிக்கு ஒத்துவராது” என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் 200 கிலோமீட்டர் பிஆர்எம்முக்கு நிறுத்தங்களையும் சேர்த்து சராசரி 15 கிலோமீட்டர் வேகம் போதும். மணிக்கு 20-இல் ஓட்டினால் நிமிடத்துக்கு 60 சுற்று சொச்சம்தான், நடுவில் மூன்று மணி நேரம் சாப்பிடவும் உட்காரவும் மிச்சம் இருக்கும். தினமும் மிதிக்கிற காலுக்கு, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்தால் எட்டாத விஷயம் இல்லை. போவதானால் முதலில் பிரேக் கட்டையை மாற்றுங்கள், டயர் தேய்ந்திருந்தால் அதையும். இரண்டு டியூப், ஒரு பம்ப், ஒட்டுச் சாமான்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் சக்கரம் நட்டு போட்டு முறுக்கியதாக இருக்கும், கையால் கழற்ற முடியாது. அதற்குச் சரியான அளவில் ஸ்பேனர் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.