மஞ்சள் பல்பு மாட்டியும் மின்மினி வரவில்லையே?

கேள்வி: வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறோம். வாசல் விளக்கைச் சுற்றி வெளிர்பச்சை லூனா அந்துப்பூச்சிகள் மோதிக்கொண்டே இருந்ததால் மஞ்சள் பல்பு மாட்டினேன். அவை குறைந்துவிட்டன. ஆனால் முன்பு புல்வெளியில் மின்னிய மின்மினிகள் திரும்பவில்லை. ஏன்?

பதில்: மஞ்சள் பல்பு பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கும். மீதிப் பாதிக்கு அதுவே தொல்லை.

லூனா துணை தேடுவது வாசனையை வைத்து. ஆணின் உணர்கொம்பு இறகு போல அகன்றிருக்கும். பெண் விடும் வாசனையைத் தொலைவிலேயே பிடித்துவிடும். விளக்கு அதன் பறத்தலைத்தான் குழப்புகிறது. இரவுப் பூச்சிகள் வெளிச்சமான பக்கத்தை வானம் என்று எடுத்துக்கொண்டு முதுகை அங்கே திருப்பும். பல்பு பக்கத்தில் இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விளக்கில் விழும் விட்டிலுக்கு விளக்கின் மேல் ஆசை என்பதெல்லாம் நம் கற்பனை! நீலம் கலந்த வெள்ளை ஒளியில் இந்தக் குழப்பம் அதிகம், மஞ்சளில் குறைவு. வளர்ந்த லூனா எதையும் தின்னாது, ஒரு வாரம் போலத்தான் உயிரோடிருக்கும். அதற்கு ஓர் இரவு வீணாவதே பெரிய இழப்பு.

மின்மினி வண்டினம். உங்கள் பகுதியில் பரவலாக இருப்பது ஃபோட்டினஸ் பைராலிஸ். அந்தி மங்கும்போது புல்வெளியில் உட்கார்ந்து பாருங்கள். ஆண் தாழப் பறந்து, சட்டென்று மேலே வளைந்து ஒரு கொக்கி போல ஒளிக்கோடு போடும். சுமார் 6 நொடிக்கு ஒருமுறை. புல்லில் இருக்கும் பெண், விருப்பமிருந்தால், ஏறக்குறைய 2 நொடி கழித்து ஒரே ஒரு மின்னல் தரும். பேச்சு அவ்வளவுதான். அந்த ஒளி மஞ்சள், அதன் கண்ணும் மஞ்சளுக்கே பழகியது. நீங்கள் மாட்டியதும் மஞ்சள்! இந்த வெளிச்சத்தில் பெண் பதில் தராமலே இருந்துவிடலாம்.

ஆகவே நிறத்தை மாற்றிப் பயனில்லை, அணைத்துவிடுங்கள். முக்கியமாகச் சூரியன் மறைந்த பிறகு ஒரு மணி நேரம். வெளிச்சம் வேண்டியே ஆக வேண்டுமென்றால், ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கைத் தரை நோக்கி வையுங்கள்.

அப்புறம், உதிர்ந்த இலைகளை ஒட்ட வாரிவிடாதீர்கள். லூனா கூடு கட்டுவது அவற்றுக்குள். மின்மினிப் புழு மண்புழுவைத் தின்று வளர்வது அவற்றின் கீழுள்ள ஈர மண்ணில். அதற்கு ஓரிரு வருடம் ஆகும் என்பதால் அடுத்த வாரமே எதிர்பார்க்காதீர்கள்.