முக்காட்டு லேஸ்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அம்மாச்சி கோவிலுக்குப் போட்டுப்போன முக்காட்டின் லேஸ் இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. மாற்றலாம் என்று புதுச்சேரியில் ஒரு கடையில் கேட்டால், மீட்டர் 60 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டி, "கையால போட்ட பிரெஞ்சு லேஸ்" என்கிறார்கள். நம்பலாமா? முக்காட்டின் படம் இணைத்திருக்கிறேன்.

ஜெ., கடலூர்

அன்புள்ள ஜெ.,

நம்ப வேண்டாம். அந்த விலை கூலிக்கே காணாது.

உங்கள் முக்காட்டில் இருப்பது பாபின் லேஸ், அதாவது நூல் சுற்றிய கட்டைகளால் பின்னுவது. அதைக் கையால் போடுவதற்கு ஒரு திண்டு வேண்டும். மாதிரி குத்திய அட்டையை அதன்மேல் வைத்து, துளைகளில் குண்டூசி செருகி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை ஜோடி ஜோடியாகத் தொங்கவிடுவார்கள். நான்கு கட்டைகளை எடுத்துக்கொண்டால், நடு இரண்டில் இடதைத் தூக்கி வலதின் மேல் போடுவது ஓர் அசைவு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போடுவது இன்னொன்று. பூவும் இலையும் வலையும் இந்த இரண்டிலிருந்தே வருகின்றன. கேட்க எளிது, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்!

கடைச்சரக்கு பெரும்பாலும் வேறு வழியில் வருவது. கரைந்துபோகும் துணியில் மெஷின் எம்பிராய்டரி அடித்து, துணியைக் கரைத்துவிடுவார்கள். லென்ஸில் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தையல்தான் அப்பியிருக்கும். உங்கள் படத்திலோ ஒவ்வொரு நூலும் ஏறி இறங்கிப் போகிறது. பார்மன் என்ற லேஸ் பின்னும் மெஷினும் அப்படிப் பின்னும். ஆனால் அதற்கு மூலை திருப்ப வராது. உங்கள் முக்காட்டு மூலையில் வெட்டோ மடிப்போ இல்லை, பூவோடு சேர்ந்தே திரும்புகிறது. கைவேலைதான்.

பிரெஞ்சா என்றால், படத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிரான்ஸின் க்ளூனி சபைக் கன்னியாஸ்திரிகள் புதுச்சேரிக்கு வந்தது 1827-ல். ரொமேன் ரோலன் வீதியில் அவர்களுடைய மையத்தின் பெயரெல்லாம் எம்பிராய்டரிக்குத்தான். அதற்குத் துணி வேண்டும்; லேஸில் நூலே துணி. தமிழ்நாட்டில் லேஸ் என்றால் முதலில் நாகர்கோவில். 1820-களில் மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மா அங்கே சொல்லிக்கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைக் கொண்டே விடுதலை பெற்றார்கள். பிரெஞ்சு என்ற பட்டம் விற்பனைக்கு உதவும், அவ்வளவுதான்.

லேஸை மாற்றாதீர்கள். விட்ட இடத்தில் அதே கனத்தில் பருத்தி நூலால் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தைத்தால் போதும். துவைப்பதானால் வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்பில் ஊறவையுங்கள். பிழிய வேண்டாம். துண்டின்மேல் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஓரத்தை இழுத்துக் குத்திக் காயவிடுங்கள்.