டெசிபலை 16ஆல் வகுக்கக் கூடாது: 2 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு

வணக்கம். மோட்டாரிலிருந்து 2 மீட்டரில் 84 டெசிபல் அளந்ததாகவும், 8 மீட்டரில் அது 16ஆல் வகுபட்டு 5.25 ஆகும் என்று கணக்கிட்டதாகவும், ஆனால் கருவி 75 காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தொலைவு 4 மடங்கானால் ஒலிச்செறிவு, அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து சேரும் ஒலியின் திறன், 16இல் ஒரு பங்காகும் என்பது சரியே. ஆனால் வகுக்க வேண்டியது செறிவைத்தான், டெசிபலை அன்று. டெசிபல் மடக்கை (logarithm) அளவு என்பதால், செறிவில் வகுத்தல் அங்கே கழித்தலாக மாறிவிடுகிறது.

84 டெசிபல் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.00025 வாட், அதை 16ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.0000157 வாட்டை, அடிப்படை அளவான 10⁻¹² வாட்டோடு ஒப்பிட்டு, விகிதத்தின் மடக்கையை 10ஆல் பெருக்கினால் 72 டெசிபல் வரும். சுருக்கமாக, தொலைவு இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும்.

கருவி காட்டிய 75இல் இந்த 72 போக மீதமுள்ள 3 டெசிபல்தான் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. 3 டெசிபல் கூடுதல் என்றால் செறிவு இருமடங்கு என்று பொருள். ஆகவே நேராக வரும் ஒலிக்கு இணையான அளவு வேறொரு வழியிலும் வந்து சேர்கிறது. அருகிலுள்ள சுவரின் எதிரொலிப்போ சுற்றுப்புற இரைச்சலோ காரணமாக இருக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள்: 72ஐ ஒட்டி வந்தால் காரணம் சுற்றுப்புறமே, 62க்கும் கீழே வந்தால் அதன் பங்கு அரை டெசிபலைக்கூடத் தொடாது, அப்போது சுவரைக் கவனியுங்கள். மோட்டார் உருவில் பெரியதென்றால் 2 மீட்டர் அளவீட்டையே நம்ப வேண்டாம். மூலத்தின் அளவைவிடத் தொலைவு பல மடங்கு இருக்கும்போதுதான் இந்த விதி பொருந்தும்.